குளிக்கும் கரையும் உறங்கும் கரையும்: ஆல்பர்ட் பைக் முகாம் வெள்ளம், 2010

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வாஷிட்டா தேசிய வனத்துக்குள் ஓடும் லிட்டில் மிசௌரி ஆற்றின் கரையில் இருந்த ஆல்பர்ட் பைக் முகாமை 2010 ஜூன் 11, வெள்ளிக்கிழமை விடியுமுன் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றதில், குழந்தைகள் உட்பட 20 பேர் உயிரிழந்தனர். கோடை விடுமுறையில் ஆற்றில் குளிக்கவும் மிதவை வளையங்களில் மிதக்கவும் வந்த குடும்பங்கள் அவை. ஆனால் இறந்தவர்கள் குளிக்கும்போது இறக்கவில்லை. கூடாரத்திலும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளிலும் உறங்கிக்கொண்டிருந்தபோது, அல்லது உறக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் மேடு தேடி ஓடும்போது, வெள்ளத்தில் சிக்கினார்கள். நீர்விளையாட்டுப் பாதுகாப்பு என்றால் நீச்சல், உயிர்காப்பு அங்கி, ஆழம், குழந்தைகள்மீது கண் என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். இந்த நிகழ்வை ஆராய்வதன் பயன், அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை இது காட்டுகிறது என்பதே: பகலில் குளிப்பதற்கு எந்த இடம் மிக நல்லதோ, அந்த இடத்திலேயே இரவில் படுக்கையையும் விரிக்கும்படி முகாம் அமைக்கப்பட்டிருந்தது.

ஆறும் முகாமும்

லிட்டில் மிசௌரி பெரிய ஆறு அல்ல. வாஷிட்டா மலைத்தொடரின் செங்குத்தான, பாறை நிறைந்த சரிவுகளில் தோன்றி, குறுகிய பள்ளத்தாக்கு வழியே தென்கிழக்காக இறங்கி, கிரீசன் ஏரியில் சேர்கிறது. வறண்ட நாட்களில் கூழாங்கல் படுகையின்மேல் தெளிந்து ஓடும். சில இடங்களில் பாறைச்சுவரை ஒட்டி மடுவாகத் தேங்கும். அத்தகைய ஒரு மடு ஆல்பர்ட் பைக்கில் இருந்தது. முகாமுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அதுதான். குழந்தைகள் முழங்கால் அளவு நீரில் கல் பொறுக்கலாம், பெரியவர்கள் மடுவில் நீந்தலாம், மாலையில் அங்கேயே அடுப்பு மூட்டிச் சமைக்கலாம். ஆர்கன்சா, டெக்சாஸ், லூசியானா மாநிலங்களிலிருந்து குடும்பங்கள், பல வேளைகளில் மூன்று தலைமுறைகளாகச் சேர்ந்தே, அங்கு வருவது வழக்கம்.

இதே ஆற்றுக்கு வேறு ஒரு கூட்டமும் வரும். துடுப்புப் படகுக்காரர்கள் கோடையின் தெளிந்த நீரைத் தேடி வருவதில்லை. மழை பெய்து ஆறு பொங்கும்போதுதான் வருவார்கள், ஏனென்றால் அப்போதுதான் இந்தப் பாறைப் படுகையில் படகு ஓடும். மழைக்குச் சில மணி நேரத்தில் ஆறு ஏறும், சில மணி நேரத்தில் வடியும் என்பது அவர்கள் கணக்கிலேயே இருப்பது. குளிக்க வரும் குடும்பமோ, ஆற்றை அதன் மிக அமைதியான நிலையில் மட்டுமே பார்க்கிறது. அந்த நிலையையே ஆற்றின் இயல்பு என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே ஆற்றைப் பற்றி இரு கூட்டத்தாருக்கும் இருக்கும் அறிவில் இவ்வளவு இடைவெளி இருந்ததைக் குடும்பங்களின் குறையாக நான் கருதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு, இடத்தைத் திறந்து கட்டணம் வாங்குபவருடையது.

அமெரிக்க வனத்துறை நடத்திய இந்த முகாம் நான்கு வளையங்களாக, அதாவது வளைந்து திரும்பும் சாலையை ஒட்டிய முகாமிடத் தொகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஏ, பி, சி என்ற மூன்றும் பழையவை. நான்காவதான டி வளையம் 2000-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. தார்ச்சாலையும், ஆர்.வி. வண்டிகளுக்கான மின் இணைப்பும் நீர் இணைப்பும் அதற்குக் கொடுக்கப்பட்டன. ஆற்றை ஒட்டிய தாழ்வான சமதளம் அது. பெரிய வண்டியை மட்டமாக நிறுத்துவதற்குச் சமதளம் வேண்டும். மலைப் பள்ளத்தாக்கில் சமதளம் கிடைப்பது பெரும்பாலும் ஆறு தானே வண்டலைக் கொட்டி உண்டாக்கிய இடத்தில்தான். முகாம் அமைப்பாளருக்கு அது வசதியான நிலம். ஆற்றுக்கோ அது வெள்ளக் காலத்தில் தான் பரவிக்கொள்ளும் படுகையின் ஒரு பகுதி. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்தது இந்த டி வளையத்தில்.

அன்றிரவு

ஜூன் 10, வியாழன் இரவு ஆறு சாதாரணமாக இருந்தது. முகாமுக்குக் கீழே, லாங்லி என்ற ஊருக்கு அருகில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் நீர்மட்ட அளவி நள்ளிரவில் சுமார் 3 அடியைக் காட்டியது. அதன்பின் ஈரம் செறிந்த காற்றிலிருந்து உருவான இடிமழை மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே மலைமுகடுகளின்மேல் நின்று பெய்தன. மேல் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்துக்குள் 5 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. மெல்லிய மண்ணும் அடியில் பாறையும் உள்ள செங்குத்துச் சரிவுகளில் விழும் மழை உறிஞ்சப்படுவதில்லை. அப்படியே ஓடைகளில் இறங்குகிறது. பல ஓடைகளின் நீர் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆற்றில் வந்து சேர, காலை 5.30 மணிக்குள் லாங்லி அளவியில் நீர்மட்டம் 23 அடியைத் தாண்டியது.

மூன்றிலிருந்து இருபத்துமூன்று என்று படிக்கும்போது அதன் வேகம் மனத்தில் பதிவதில்லை. உச்ச கட்டத்தில் ஆறு மணிக்கு 8 அடி என்ற அளவில் உயர்ந்தது. அதை ஒரு வண்டிக்குள் இருக்கும் குடும்பத்தின் நிலையிலிருந்து கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 16 அங்குலம். வெளியே ஏதோ சத்தம் கேட்டு எழுந்து, விளக்கைத் தேடி, குழந்தைகளை எழுப்பி, அவர்களுக்குச் செருப்பு மாட்டும் நேரத்தில் கணுக்காலில் இருந்த நீர் பெரியவரின் முழங்காலைத் தாண்டிவிடும். நான்கு வயதுக் குழந்தைக்கு அது இடுப்புக்கு மேல். இன்னும் பத்து நிமிடம் போனால் வண்டியின் தரை நீருக்குள். வேகமாக ஓடும் நீர் ஆறு அங்குலம் இருந்தாலே வளர்ந்த ஆளைக் கீழே தள்ளக்கூடும் என்றும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை மிதக்கச் செய்து இழுத்துச் செல்லும் என்றும் அமெரிக்க தேசிய வானிலைச் சேவை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. எனவே, தப்பிப்பதற்கு உண்மையில் கிடைத்த நேரம் முதல் பத்து நிமிடம்தான்.

தப்பியவர்களில் சிலர் மேட்டுக்கு ஏறி ஓடியவர்கள். சிலர் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை தொங்கியவர்கள். விடிந்தபோது வண்டிகள் மரங்களில் மோதி நசுங்கியும், டி வளையத்தின் தார்ச்சாலை பாளம் பாளமாகப் பெயர்ந்தும் கிடந்தன. முகாமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு நம்பத்தக்க பதிவு எதுவும் மீட்புக் குழுவினரின் கையில் இல்லாததால், யாரைத் தேடுவது என்பதையே உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளிலிருந்து தொகுக்க வேண்டியிருந்தது. கடைசி உடல் கிடைக்க மூன்று நாட்களுக்கு மேல் ஆனது. வருகைப் பதிவேடு என்பதைக் கட்டண வசூல் சம்பந்தப்பட்ட சிறு அலுவலாகக் கருதும் முகாம் நடத்துநர்கள் இந்த ஒரு விவரத்தையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி ஏன் காப்பாற்றவில்லை

கூடாரத்தைவிட ஆர்.வி. பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலானது. காற்றுக்கும் மழைக்கும் கரடிக்கும் அது சரி. ஓடும் நீருக்கு அது பொருந்தாது. இழுவை வண்டியாக வரும் ஆர்.வி., தன் கனஅளவுக்கு மிக லேசான பெட்டி. அதன் பக்கச்சுவர் அகலமானது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அந்தச் சுவரின்மீது அழுத்தம் நான்கு மடங்காகும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே உள்ள இரண்டடி உயரத்தை நீர் நிரப்பியதும் பெட்டி மிதக்கத் தொடங்குகிறது. கதவு வெளிப்பக்கமாகத் திறப்பது. வெளியே நீர் அழுத்தினால் உள்ளிருந்து தள்ளித் திறப்பது கடினம்.

இதைவிட முக்கியமானது, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணம். முகாமில் நிறுத்திய ஆர்.வி. உடனே கிளம்பும் நிலையில் இருப்பதில்லை. மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் கழற்ற வேண்டும், மட்டம் பார்த்து வைத்த முட்டுக்கால்களை ஏற்ற வேண்டும், வெயில்மறைப்பைச் சுருட்ட வேண்டும், இழுவை வண்டியெனில் பின்னோக்கி ஓட்டிக் கொக்கியில் மாட்ட வேண்டும். பழகிய கையானாலும் பகல் வெளிச்சத்தில் இருபது நிமிடத்துக்குக் குறையாது. முதல் பத்து நிமிடம்தான் கையில் இருக்கிறது என்ற கணக்கோடு இதை ஒப்பிட்டால், வண்டியைக் காப்பாற்ற முயல்வது என்ற எண்ணத்துக்கே இடமில்லை என்பது விளங்கும். வண்டியையும் உடைமைகளையும் விட்டுவிட்டு, சாலை வழியாகப் போகாமல், அருகிலுள்ள சரிவில் நடந்து ஏறுவதுதான் வழி.

எச்சரிக்கை எங்கே நின்றது

தேசிய வானிலைச் சேவை அதிகாலை 2 மணியளவில் அந்தப் பகுதிக்குத் திடீர் வெள்ள எச்சரிக்கையை வெளியிட்டது. அது தவறாகவோ மிகத் தாமதமாகவோ வந்ததாகச் சொல்ல முடியாது. வந்த எச்சரிக்கை ஆற்றங்கரையை எட்டவில்லை என்பதுதான் நடந்தது. பள்ளத்தாக்கில் கைபேசி அலைவரிசை கிடையாது. வானிலை வானொலி மலைகளுக்கு நடுவே சரியாக எடுப்பதில்லை. முகாமில் சைரன் இல்லை. இரவில் கதவைத் தட்டிச் சொல்லத் தங்கிப் பணியாற்றும் காவலர் இல்லை. நாடு முழுதும் கைபேசிகளுக்கு அவசர எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு 2012-இல்தான் நடைமுறைக்கு வந்தது. வந்திருந்தாலும் அலைவரிசை இல்லாத இடத்தில் அது உதவியிருக்காது.

இந்த நிகழ்வைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி சைரனைச் சுற்றியே நடந்தது. அந்தக் கேள்வி நியாயமானது, ஆனால் அதை இரண்டாவதாகத்தான் வைப்பேன். சைரன் ஒலிக்க யாரேனும் விழித்திருக்க வேண்டும், அல்லது மேலே ஓடையில் ஓர் அளவி வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்; ஒலித்த சைரன் இடிமழைச் சத்தத்தில் வண்டிக்குள் கேட்க வேண்டும்; கேட்டவர் நம்ப வேண்டும்; நம்பியவருக்கு எந்தப் பக்கம் மேடு என்று இருட்டில் தெரிய வேண்டும். இத்தனை கண்ணிகளில் எது அறுந்தாலும் பயன் இல்லை. படுக்கை மேட்டில் இருந்திருந்தால் இவற்றில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

படுக்கை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அரசிடம் அப்போதே விதி இருந்தது. 1976 ஜூலை 31 அன்று கொலராடோவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில், விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த இரவில் வந்த வெள்ளம் 140-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு, 1977 மே மாதம், அதிபர் ஜிம்மி கார்ட்டர் வெள்ளச் சமவெளிகள் குறித்த 11988-ஆம் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். வேறு வழி இருக்கும்போது கூட்டாட்சி அமைப்புகள் வெள்ளச் சமவெளியில் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் உண்டு: பொதுமக்கள் பயன்படுத்தும் அரசு இடம் வெள்ள ஆபத்துப் பகுதியில் இருந்தால், கடந்தகால வெள்ள உயரத்தையும் எதிர்பார்க்கக்கூடிய உயரத்தையும் கண்ணில் படும்படி அங்கேயே குறித்துக்காட்ட வேண்டும். ஒரு கம்பத்தில் வண்ணக்கோடு போடும் செலவுதான். குளிக்க வந்தவர் தன் தலைக்கு மேலே அந்தக் கோட்டைப் பார்த்திருந்தால், வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒரு கணமாவது யோசித்திருப்பார்.

டி வளையம் நூறாண்டு வெள்ளச் சமவெளிக்குள் வருகிறது என்பது திட்டமிடும் காலத்திலேயே வனத்துறையின் சொந்த வல்லுநர்களால் சுட்டிக்காட்டப்பட்டது. நூறாண்டு வெள்ளம் என்பதை நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று புரிந்துகொண்டு, நம் காலத்தில் வராது என்று இருந்துவிடுவது எளிது. அது ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு. ஒரு முகாம் முப்பது ஆண்டு இயங்குமானால், அதற்குள் ஒருமுறையேனும் அந்த வெள்ளம் வரும் வாய்ப்பு நூற்றில் 26. டி வளையத்துக்கு அப்போது பத்து வயதுகூட நிறையவில்லை.

இங்கே இணைப்பு வசதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மின்கம்பமும் நீர்க்குழாயும் போட்டுத் தார் பூசிய ஓரிடத்தைப் பார்க்கும் குடும்பத்துக்கு, அரசு யோசித்துத்தான் இதைக் கட்டியிருக்கும் என்ற எண்ணம் இயல்பாக வருகிறது. காட்டோடைக் கரையில் தானே கூடாரம் அடிப்பவர் மேலே வானத்தைப் பார்ப்பார், கரையில் ஒதுங்கிய குப்பையின் உயரத்தைப் பார்ப்பார். எண் போட்ட இடத்தில் வண்டியை நிறுத்துபவர் எண்ணை மட்டும் பார்ப்பார்.

வழக்கு

உயிரிழந்தவர்களின் குடும்பத்தினர் அமெரிக்க அரசுமீது தொடுத்த வழக்கு, 2018-இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வியடைந்தது. ஆர்கன்சாவின் பொழுதுபோக்குப் பயன்பாட்டுச் சட்டம், தன் நிலத்தைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்குத் திறந்துவிடும் உரிமையாளருக்குப் பொறுப்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. நிலத்துக்குள் நுழைவதற்குக் கட்டணம் வாங்கினாலோ, மிகு ஆபத்து இருப்பதை அறிந்தும் தீய நோக்கோடு எச்சரிக்காமல் விட்டாலோதான் விலக்கு இல்லை. முகாமிடத்துக்கு வாங்கிய கட்டணம் அந்த இடத்தைப் பயன்படுத்துவதற்கானதே தவிர நுழைவுக் கட்டணம் அல்ல என்று கொள்ளப்பட்டது. சட்டத்தின் சொற்களுக்குள் அந்த வாதம் நிற்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் நோக்கம், தன் குளத்தில் ஊர்ப்பிள்ளைகள் மீன் பிடிக்க விடும் விவசாயியைக் காப்பது. மின் இணைப்புக்கு விலை வைத்து, எண் போட்டு, இரவுக்கு இடம் விடும் ஒரு துறையை அதே தட்டில் வைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

ஸ்பெயின் வேறு முடிவுக்கு வந்தது. 1996 ஆகஸ்ட் 7 மாலை, பைரனீஸ் மலையடியில் பியெஸ்காஸ் ஊருக்கு அருகே, ஆராஸ் என்ற காட்டோடை கொண்டுவந்து கொட்டிய விசிறி வடிவ வண்டல் நிலத்தின்மேல் அமைந்த முகாமில் வெள்ளம் புகுந்து 87 பேர் இறந்தனர். ஓடையைக் கட்டுப்படுத்த மேலே எழுப்பியிருந்த தடுப்பணைகள் உடைந்து, அவை தேக்கிவைத்த கல்லும் மண்ணும் சேர்ந்தே இறங்கின. நீண்ட இழுபறிக்குப் பின் 2005-இல் தேசிய நீதிமன்றம், ஆபத்து முன்னறியக் கூடியதாக இருந்தும் அந்த இடத்தில் முகாமுக்கு அனுமதி கொடுத்ததற்காக, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமும் அரகோன் வட்டார அரசும் ஒரு கோடியே 12 லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரு வழக்குகளிலும் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வியே வேறு. அமெரிக்காவில் கேட்கப்பட்டது, நில உரிமையாளருக்கு விலக்கு உண்டா என்பது. ஸ்பெயினில் கேட்கப்பட்டது, இங்கே படுக்க அனுமதித்தது யார் என்பது.

பின்னர்

ஆல்பர்ட் பைக்கில் வனத்துறை எடுத்த முடிவு எளிமையானது. இரவுத் தங்கலை நிறுத்திவிட்டு, பல ஆண்டுகள் இடத்தைப் பகல்நேரத்துக்கு மட்டும் திறந்துவைத்தது. மடு அப்படியே இருந்தது, குடும்பங்கள் வந்து குளித்துவிட்டு மாலையில் கிளம்பின. பகலிலும் ஆறு பொங்கலாம் என்பது உண்மை. 2017 ஜூலை 15 அன்று அரிசோனாவில், காட்டுத்தீயில் கருகிய சரிவுகளுக்குக் கீழே எல்லிசன் ஓடையில் குளித்துக்கொண்டிருந்த ஒரே குடும்பத்தின் பத்துப் பேரை, மேலே எங்கோ பெய்த மழை கொண்டுபோனது. இருந்தாலும் விழித்திருப்பவருக்கு நீர் கலங்குவதும் சருகும் குச்சியும் மிதந்து வருவதும் தெரியும். பகல் பயன்பாட்டை வைத்துக்கொண்டு இரவுப் பயன்பாட்டை மட்டும் நீக்குவதே ஆபத்தின் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறது.

தனியார் முகாமில் இது அவ்வளவு எளிதல்ல. ஆற்றை ஒட்டிய வரிசைக்குத்தான் அதிக வாடகை. அந்த வரிசையில் இணைப்புகள் போடவே பெருமளவு முதலீடு செய்திருப்பார்கள். 2025 ஜூலை 4 விடுமுறையின் அதிகாலையில் டெக்சாசின் கெர் மாவட்டத்தில் குவாதலூப்பே ஆறு பொங்கியபோது, இன்கிரம் ஊரின் கரையோர ஆர்.வி. முகாம்களிலிருந்து வண்டிகள் ஆட்களோடு மிதந்து போயின. வானிலைச் சேவையின் திடீர் வெள்ள எச்சரிக்கை அதிகாலை 1.14-க்கே வெளியாகியிருந்தது. கைபேசி எச்சரிக்கை என்ற வசதி வந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியும், அந்த ஒரு மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். கோடைக்கால முகாமுக்கு வந்திருந்த சிறுமிகளும் அவர்களுள் அடக்கம்.

ஆற்றங்கரை வரிசையை முழுவதும் கைவிட இயலாத முகாமுக்கும் செய்யக்கூடியவை இருக்கின்றன. தாழ்வான வரிசையைப் பகல்நேரக் குளியலுக்கும் சமையலுக்கும் ஒதுக்கி, இணைப்புகளை மேட்டு வரிசைக்கு மாற்றலாம். குளியலுக்கு நடந்து வரும் நூறு அடி எந்தக் குடும்பத்தையும் விரட்டிவிடாது. மேல் ஓடையில் நீர்மட்ட அளவி வைத்து, அதை இரவில் விழித்திருக்கும் ஒருவரின் பொறுப்பில் விடலாம். ஒவ்வோர் இடத்திலிருந்தும் மேட்டுக்குப் போகும் நடைவழியை, ஒளி பட்டால் மின்னும் கற்களால் குறிக்கலாம். வருகைப் பதிவேட்டின் ஒரு படியை ஆற்றிலிருந்து விலகிய இடத்தில் வைத்துக்கொள்வதற்குச் செலவே கிடையாது.

இடம் பதிவு செய்யும் குடும்பத்தினர் தொலைபேசியில் கேட்க வேண்டியவை மூன்றுக்கு மேல் இல்லை: இந்த இடம் வெள்ளச் சமவெளிக்குள் வருகிறதா, இரவில் அங்கே யார் இருப்பார், கைபேசி எடுக்குமா. அமெரிக்காவில் வெள்ள ஆபத்து வரைபடங்களைக் கூட்டாட்சி அவசரநிலை மேலாண்மை அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நேரில் போனபின் பகல் வெளிச்சத்திலேயே, குழந்தைகள் ஆற்றில் இறங்குவதற்கு முன், அவர்களையும் கூட்டிக்கொண்டு வண்டியிலிருந்து மேட்டுக்கு ஒருமுறை நடந்து பார்ப்பது நல்லது. ஐந்து நிமிடத்துக்குள் ஏற முடியாத இடமெனில், மேல் வரிசையில் வேறு இடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், பெரும்பாலும் அதற்கு வாடகையும் குறைவாகவே இருக்கும்.